நியூஜெர்சி இஎம்டி சான்றிதழ்: டெக்சஸுக்கு மாற்ற என்ன வழி?

எடிசன்_அப்பா (நியூஜெர்சி)

எல்லோருக்கும் வணக்கம். மகள் எங்கள் ஊர் ஃபர்ஸ்ட் எய்ட் ஸ்குவாடில் தன்னார்வலராகச் சேர்ந்து இஎம்டி (ஆம்புலன்ஸில் அவசர மருத்துவ உதவி செய்பவர்) வகுப்பை முடித்தாள். நியூஜெர்சியில் 16 வயதிலேயே சான்றிதழ் கொடுக்கிறார்கள். வகுப்புக் கட்டணம் ஸ்குவாட் வழியாக மாநிலப் பயிற்சி நிதியிலிருந்து வந்துவிட்டது. புத்தகத்துக்கும் சீருடைக்கும்தான் எங்கள் கையிலிருந்து போனது. நேஷனல் ரெஜிஸ்ட்ரி தேர்வும் எழுதித் தேறிவிட்டாள்.

ஆகஸ்டில் ஹூஸ்டன் ரைஸ் பல்கலைக்கழகத்தில் சேர்கிறாள். அங்கேயும் ஆம்புலன்ஸ் வேலையைத் தொடர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். டிரைவிங் லைசென்ஸ் போல, பழைய அட்டையைக் காட்டினால் புது அட்டை கொடுத்துவிடுவார்களா? அலுவலக நண்பர் ஒருவர், "காம்பாக்ட் என்று ஒன்று வந்திருக்கிறது, ஒன்றுமே செய்ய வேண்டாம்" என்கிறார். அவளுக்கு ஜூலையில்தான் 18 முடிகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பே_ஏரியா_குமார் (கலிஃபோர்னியா)

உங்க நண்பர் சொன்னது சரிதான் சார். இஎம்எஸ் காம்பாக்ட்னா, ஆம்புலன்ஸ்காரங்க லைசென்ஸை மாநிலங்கள் ஒண்ணுக்கொண்ணு ஏத்துக்கற ஒப்பந்தம். அதுல இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இருக்கு, டெக்சஸ் அதுல ஒண்ணு. எங்க கலிஃபோர்னியா இன்னும் சேரல. டெக்சஸ் போய் இறங்கி நேரா வேலைக்குப் போயிடலாம்.

இரவுப்பணி_ஹூஸ்டன் (டெக்சஸ்)

குமார், கொஞ்சம் பொறுங்க. அப்படிச் சொல்லி அந்தப் பெண்ணை மாட்டிவிட்டுடாதீங்க.

எடிசன் சார், நான் இங்கே பாராமெடிக், அதாவது இஎம்டிக்கு மேல்நிலை. இந்தக் கேள்வி ஒவ்வொரு கோடையிலும் எங்கள் ஸ்டேஷனுக்கு வருகிற புதுப் பசங்களிடமிருந்து வரும். விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் மகளிடம் இரண்டு தனித்தனிக் காகிதங்கள் இருக்கின்றன. ஒன்று நேஷனல் ரெஜிஸ்ட்ரி சான்றிதழ். ரெஜிஸ்ட்ரி 1970ல் தொடங்கிய, அரசு சாராத அமைப்பு. தலைமையிடம் ஒஹையோவின் கொலம்பஸ் நகரம். நாடு முழுக்க ஒரே அளவுகோலில் வைக்கும் தேர்வில் இவர் தேறினார் என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. அதை மட்டும் காட்டி எந்த மாநிலத்திலும் நோயாளியைத் தொட முடியாது. இன்னொன்று நியூஜெர்சி சுகாதாரத் துறை கொடுத்தது. வேலை பார்க்க அனுமதி அதுதான். ஆனால் அந்த அனுமதி நியூஜெர்சிக்குள்தான்.

ஆகையால் இங்கே 'மாற்றுவதற்கு' ஒன்றுமில்லை. ரெஜிஸ்ட்ரியை ஆதாரமாக வைத்து டெக்சஸில் புதிதாக ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். டெக்சஸ் மாநில சுகாதார சேவைகள் துறையின் தளத்தில் வெளிமாநிலத்தாருக்கென்றே ஒரு விண்ணப்பம் இருக்கிறது. ரெஜிஸ்ட்ரி காலாவதியாகாமல் இருக்க வேண்டும், கைரேகை கொடுத்துக் குற்றப் பின்னணிச் சோதனை முடிய வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், வயது 18 ஆகியிருக்க வேண்டும். நியூஜெர்சியின் 16 வயது கணக்கு இங்கே எடுபடாது. கிடைத்துவிட்டால் நான்கு வருடத்துக்குச் செல்லும்.

இப்போது காம்பாக்ட். முதலில், நியூஜெர்சி அதில் இல்லை. இவர் போகும் மாநிலம் உறுப்பினராக இருந்தால் போதாது, இவருக்கு லைசென்ஸ் கொடுத்த மாநிலமும் உறுப்பினராக இருக்க வேண்டும். இரண்டாவது, அது குடிபெயர்கிறவர்களுக்கான ஏற்பாடே அல்ல. எல்லை தாண்டி நோயாளியைக் கொண்டுபோய் விடுவது, காட்டுத்தீ, புயல் என்றால் பக்கத்து மாநிலத்துக்கு ஆள் அனுப்புவது, இப்படிக் கொஞ்ச காலம் போய்வருகிற வேலைக்குத்தான். ஓரிடத்தில் நிலையாகத் தங்கி வேலை பார்க்க அந்த மாநிலத்தின் சொந்தச் சான்றிதழ் வேண்டும். அதிலும் வயது 18.

பே_ஏரியா_குமார்

ஓ, குடிபெயர்றதுக்கு இல்லையா. நர்ஸுங்களுக்கு இருக்கிற மல்ட்டி ஸ்டேட் லைசென்ஸ் மாதிரின்னு நினைச்சிட்டிருந்தேன்.

இரவுப்பணி_ஹூஸ்டன்

நர்ஸ்களின் காம்பாக்டிலும் நிரந்தரமாக வீடு மாறினால் புது மாநிலத்தில் விண்ணப்பிக்கத்தான் வேண்டும். அதை விடுங்கள்.

எங்கள் காம்பாக்டின் கதை இது: 2015ல் கொலராடோ முதலில் சட்டம் போட்டது. பத்து மாநிலம் சேர்ந்தால்தான் உயிர்பெறும் என்று நிபந்தனை. 2017 மே மாதம் ஜார்ஜியா பத்தாவதாகச் சேர்ந்தது. ஆனால் நடைமுறைக்கு வந்தது 2020 மார்ச்சில், கொரோனா தலைக்கு மேல் வந்தபோது. எந்த மாநிலம் உள்ளே, எது வெளியே என்பது வருடத்துக்கு வருடம் மாறுகிறது. அதனால் இந்த இழையில் யார் சொன்னாலும் (நான் சொன்னாலும்) நம்பாமல் காம்பாக்ட் தளத்தின் வரைபடத்தைப் பாருங்கள்.

டல்லாஸ்_சீனி (டெக்சஸ்)

குறுக்கே வந்ததுக்கு மன்னிக்கணும். பொண்ணு டாக்டருக்குத்தானே படிக்கப் போறா? மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்துக்குக் கிளினிக்கல் ஹவர்ஸ் வேணும், அவ்வளவுதானே? ஏசி ரூம்ல உக்காந்து ஸ்க்ரைப் வேலை பாத்தாலே அது வந்துடும். ராத்திரியில ரோட்டுல கிடக்கிறவனைத் தூக்கிக்கிட்டு எதுக்கு அலையணும்? என் பையன் ஸ்க்ரைப் வேலை பாத்துத்தான் உள்ளே போனான்.

எடிசன்_அப்பா

இது மகள். அப்பா லாகின்ல எழுதுறேன். தமிழ்ப் பள்ளியில படிச்ச தமிழ்தான், தப்பு இருந்தா சிரிக்காதீங்க.

சீனி அங்கிள், ஸ்க்ரைப் வேலை தப்புன்னு சொல்லல. ஆனா அங்கே டாக்டர் பேசறதை டைப் பண்ணுவேன். இங்கே ஒரு பாட்டி பாத்ரூம்ல விழுந்து கிடப்பாங்க, அவங்களுக்கு இங்கிலீஷ் வராது, வீட்டுல வேற யாரும் இருக்க மாட்டாங்க. எங்க ஸ்குவாடுல தமிழ் பேசற ஆள் நான் ஒருத்திதான். "எங்க வலிக்குது பாட்டி"ன்னு கேட்டதும் அவங்க என் கையைப் புடிச்சிக்கிட்டாங்க, ஹாஸ்பிடல் வரைக்கும் விடல. நான் அந்த வேலையைத்தான் பண்ணணும்.

ஹூஸ்டன் அண்ணாவுக்கு ரெண்டு கேள்வி. ஒண்ணு, எனக்கு 18 ஆகறதுக்கு முன்னாடியே டெக்சஸ் அப்ளிகேஷன் போடலாமா? ரெண்டு, முதல் செமஸ்டர்ல எந்த ஆம்புலன்ஸ்லயும் சேர முடியலன்னா என் ரெஜிஸ்ட்ரி என்ன ஆகும்?

இரவுப்பணி_ஹூஸ்டன்

சபாஷ் தங்கச்சி.

முதல் கேள்வி. பிறந்தநாள் வரை காத்திருந்து அனுப்பு. வயது குறைவு என்று ஒருமுறை திரும்பி வந்தால் கட்டணமும் போகும், வரிசையும் போகும். ஆனால் ஆவணங்களை இப்போதே சேர்த்து வை. பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) அட்டை எப்போது முடிகிறது என்று பார். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் அட்டை இரண்டு வருடம்தான் செல்லும். முழுக்க ஆன்லைனில், பொம்மையின் நெஞ்சை அழுத்தாமலே வாங்கும் அட்டையை இங்கே வேலைக்கு எடுக்கிறவர்கள் ஏற்பதில்லை. நியூஜெர்சி சான்றிதழ் நல்ல நிலையில் இருக்கிறது, ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்று அந்த மாநிலமே உறுதி சொல்ல வேண்டி வரலாம். அந்த வேலை உன் கையில் இல்லை, இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே நடப்பது. ஆகஸ்டில் எல்லாக் கல்லூரிப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கேட்பார்கள் என்பதை நினைவில் வை.

இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம். ரெஜிஸ்ட்ரி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மார்ச் 31ல் முடியும். இஎம்டிக்கு 40 மணி நேரத் தொடர்கல்வி: 20 மணி தேசியப் பாடங்கள், 10 மணி மாநிலமோ உள்ளூர் அமைப்போ சொல்வது, 10 மணி உன் விருப்பம். பெரும்பகுதியை ஆன்லைனிலேயே முடிக்கலாம். ஆம்புலன்ஸில் ஓடவில்லை என்றால் உன் கைத்திறனுக்குச் சான்று சொல்ல மேலதிகாரி இருக்க மாட்டார். அதற்காகவே ரெஜிஸ்ட்ரியில் 'இனாக்டிவ்' என்று ஒரு நிலை இருக்கிறது. மணி நேரத்தை முடித்து அந்த நிலையில் புதுப்பித்துக்கொள்ளலாம். வேலை கிடைத்ததும் ஆக்டிவ் ஆகலாம். எக்காரணம் கொண்டும் காலாவதியாக மட்டும் விடாதே. விட்டால் மறுபடி தேர்வு எழுத வேண்டும்.

ரைஸ் என்கிறாய், அப்படியென்றால் உனக்கு அதிர்ஷ்டம். அந்த வளாகத்தில் மாணவர்களே நடத்தும் அவசர மருத்துவ சேவை இருக்கிறது. சேர்ந்ததும் போய்ப் பார்.

சிகாகோ_தாஸ் (இல்லினாய்)

ரெஜிஸ்ட்ரி ரெஜிஸ்ட்ரி என்று எல்லோரும் அடித்துக்கொள்கிறீர்கள். முதல் தடவை தேர்வு எழுதியதோடு அதை விட்டுவிட்டேன். மாநில லைசென்ஸை மட்டும் புதுப்பித்துக்கொண்டே வருகிறேன். என் சம்பளத்தில் ஒரு டாலர் கூடக் குறையவில்லை. எதற்கு இரண்டு இடத்துக்கும் தண்டம் கட்ட வேண்டும்?

இரவுப்பணி_ஹூஸ்டன்

தாஸ் அண்ணே, நீங்க சிகாகோவிலேயே ரிட்டயர் ஆகிறதா இருந்தா நீங்க செய்தது லாபம்தான். பல மாநிலங்கள் முதல் லைசென்ஸுக்கு மட்டும் ரெஜிஸ்ட்ரி கேட்கும், புதுப்பிக்கக் கேட்காது. அதனால் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள். நாளைக்கு உங்க மனைவிக்கு வேறு மாநிலத்தில் வேலை கிடைத்தால்தான் அதன் விலை தெரியும்.

குவின்ஸ்_சாரதா (நியூயார்க்)

அதே நிலைமையில் இருக்கும் ஒருத்தி இதோ எழுதுகிறேன். நான் நியூயார்க் மாநிலத் தேர்வு எழுதி இஎம்டி ஆனவள். அப்போது ரெஜிஸ்ட்ரி கட்டாயமில்லை, என்னிடம் யாரும் கேட்டதும் இல்லை. இன்றுவரை எழுதவில்லை. குவின்ஸில் வருடக்கணக்காக ஆம்புலன்ஸில் ஓடியிருக்கிறேன். கணவருக்கு இப்போது அட்லாண்டாவுக்கு மாற்றல். ஜார்ஜியாவில் நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்? மறுபடியும் முழு வகுப்பா? பையன் மூன்றாவது படிக்கிறான், ராத்திரி வகுப்புக்கு எங்கே போவது?

சான்_அன்டோனியோ_மெடிக் (டெக்சஸ்)

அக்கா, பயப்படாதீங்க, முழு வகுப்பு வேண்டியதில்லை.

ஜார்ஜியா ரெஜிஸ்ட்ரி கேட்கிற மாநிலம், அதில் தப்பிக்க முடியாது. ஆனால் உங்கள் நியூயார்க் சான்றிதழ் உயிரோடு இருக்கிறது, அதுதான் உங்கள் பலம். ஏற்கெனவே ஒரு மாநிலத்தில் இஎம்டியாக இருப்பவர்கள் ரெஜிஸ்ட்ரிக்குள் வர தனி வழி உண்டு. சமீபத்தில் முடித்த தொடர்கல்வி மணி நேரம், கைத்திறன் சரிபார்ப்பு, அதன் பிறகு எழுத்துத் தேர்வு. ஆகவே நியூயார்க் அட்டை முடிவதற்குள் இதைச் செய்யுங்கள். இரண்டும் இல்லாமல் ஜார்ஜியாவில் போய் இறங்கினால் பிறகு முதல் பாடத்திலிருந்துதான்.

தேர்வு கம்ப்யூட்டரில், பியர்சன் வியூ மையத்தில். 70லிருந்து 120 கேள்விகளுக்குள், இரண்டு மணி நேரம். நீங்கள் விடை சொல்லச் சொல்ல அடுத்த கேள்வியின் கடினம் மாறும். உங்கள் தரம் தெரிந்துவிட்டது என்று கம்ப்யூட்டருக்குப் பட்டால் எழுபதிலேயே திரை அணைந்துவிடும். அணைந்ததும் தோற்றுவிட்டோம் என்று அழுதுகொண்டே வெளியே வருகிறவர்கள் உண்டு, அதில் ஒரு அர்த்தமும் இல்லை. தேறாவிட்டால் 15 நாள் கழித்து மறுபடி எழுதலாம். மூன்று முறைக்கு மேல் போனால் மீள்பயிற்சி முடித்துவிட்டு வரச் சொல்வார்கள்.

நான் ராணுவத்தில் மெடிக்காக இருந்தவன். எங்களுக்கு ஃபோர்ட் சாம் ஹூஸ்டன் ராணுவத் தளத்தில் பயிற்சி, ரெஜிஸ்ட்ரி இஎம்டி தேறினால்தான் அந்தப் பிரிவிலேயே இருக்க முடியும். ராணுவத்தை விட்டு வெளியே வந்தபோது அந்த ஒரு சான்றிதழை வைத்துத்தான் டெக்சஸில் நுழைந்தேன். ராணுவத்தார், அவர்களின் கணவன் மனைவி இவர்களிடம் ரெஜிஸ்ட்ரி நடப்பில் இருந்தால் காம்பாக்ட் மாநிலங்கள் பயிற்சி, தேர்வு இரண்டும் முடிந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று காம்பாக்ட் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. இதைப் படிக்கும் ராணுவக் குடும்பங்கள் யாராவது இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

குவின்ஸ்_சாரதா

நன்றி தம்பி. நேற்று ராத்திரி தூக்கமே இல்லை. இப்போது கொஞ்சம் மூச்சு வருகிறது.

டென்வர்_வேலு (இப்போது சாக்ரமென்டோ, கலிஃபோர்னியா)

யாரும் சொல்லாத ஒன்று. சான்றிதழ் கிடைத்தாலும் நீங்கள் அங்கே செய்த வேலையை இங்கே செய்ய விடுவார்கள் என்று நினைக்காதீர்கள். கொலராடோவில் நான் இஎம்டி-ஐவி. தனிப் பயிற்சி முடித்தால் இஎம்டியே நரம்பில் ஊசி போட்டு சலைன் ஏற்றலாம். எத்தனை பேருக்குப் போட்டிருப்பேன். கலிஃபோர்னியா வந்ததும் அது அப்படியே காற்றில் போனது. இங்கே இஎம்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சலைனைக் கண்காணிக்கலாம், ஊசியைத் தொடக்கூடாது. முதல் வாரம் ஒரு நோயாளி, கை நரம்பு கயிறு போலத் தெரிகிறது, கை பரபரக்கிறது, பாராமெடிக் வரும்வரை சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, கலிஃபோர்னியாவில் இஎம்டி சான்றிதழை மாநிலம் கொடுப்பதில்லை, உள்ளூர் இஎம்எஸ் ஏஜென்சி கொடுக்கிறது. பெரும்பாலும் கவுண்டி கவுண்டியாக, முப்பதுக்கும் மேல். பாராமெடிக் லைசென்ஸ்தான் மாநிலத்தினுடையது. ஒரு ஏஜென்சியில் வாங்கிய இஎம்டி சான்றிதழ் மாநிலம் முழுக்கச் செல்லும், ஆனால் விண்ணப்பப் படிவமும் கட்டணமும் வேகமும் இடத்துக்கு இடம் வேறு. வெளியிலிருந்து வருகிறவரிடம் நலோக்ஸோன் (போதைமருந்து மிகையானால் கொடுப்பது), எபிநெஃப்ரின் (கடும் ஒவ்வாமைக்கு), சர்க்கரை பார்க்கும் கருவி மூன்றிலும் பயிற்சி எடுத்த சான்று கேட்பார்கள். வண்டி ஓட்ட வேண்டுமானால் டிஎம்வியில் (மோட்டார் வாகனத் துறை) ஆம்புலன்ஸ் டிரைவர் சர்ட்டிஃபிகேட் என்று தனியாக ஒன்று, அதற்கு மருத்துவப் பரிசோதனை.

பே_ஏரியா_குமார்

வேலு, கைரேகை ஒரு தடவை எடுத்தா போதாதா? எஃப்பிஐ ஒண்ணுதானே? எனக்கு கவுண்டிக்கு ஒரு லைவ் ஸ்கேன் (கம்ப்யூட்டர்ல கைரேகை எடுக்கறது), டிஎம்விக்கு ஒரு லைவ் ஸ்கேன். ரெண்டு தடவை காசு.

டென்வர்_வேலு

எஃப்பிஐ ஒன்றுதான், ஆனால் பதில் யாருக்குப் போகிறது என்பதுதான் விஷயம். படிவத்தின் மேலே ஒரு குறியீட்டு எண் இருக்கும் பாருங்கள், அது கேட்ட அலுவலகத்தின் முகவரி மாதிரி. ஒரு அலுவலகத்துக்கு வந்த பதிலை அது இன்னொன்றுக்குக் கொடுக்க அனுமதி கிடையாது. கொலராடோவில் நான் கொடுத்த கைரேகை இங்கே எதற்கும் உதவவில்லை.

இரவுப்பணி_ஹூஸ்டன்

இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது. எடிசன் சார், டெக்சஸில் ஐடென்டோகோ மையத்தில் கைரேகை எடுப்பார்கள். நேரம் பதிவு செய்யும்போது ஒரு சர்வீஸ் கோடு கேட்கும். அது சுகாதாரத் துறையின் இஎம்எஸ் பிரிவு கொடுத்த கோடாகத்தான் இருக்க வேண்டும். டீச்சருக்கு ஒன்று, நர்ஸுக்கு ஒன்று, ரியல் எஸ்டேட்காரருக்கு ஒன்று என்று வரிசையாக இருக்கும். கோடு மாறினால் கைரேகை ஒழுங்காகப் போய்ச் சேரும், வேறு ஏதோ துறையின் மேசைக்கு. விண்ணப்பம் 'நிலுவையில்' என்று அப்படியே கிடக்கும், ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள், அதில் இருக்கும் எண்ணை வைத்துத்தான் தேட முடியும்.

வேலு சொன்ன வேலை வரம்பு விஷயம் இங்கே வேறு மாதிரி. டெக்சஸில் இஎம்டி இன்னின்னது செய்யலாம் என்று மாநிலம் நீளமான பட்டியல் போடுவதில்லை. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு மெடிக்கல் டைரக்டர், அதாவது பொறுப்பு மருத்துவர் இருப்பார். அவருடைய அதிகாரத்தின் கீழ், அவர் அனுமதித்ததைச் செய்யலாம். அதனால் ஒரே ஊரில் இரண்டு ஆம்புலன்ஸ் கம்பெனிகளில் ஒரே இஎம்டி வெவ்வேறு வேலை செய்வதைப் பார்க்கலாம். மாநிலச் சான்றிதழ் கையில் இருந்தாலும் அந்த மருத்துவர் சரி என்று சொல்லும்வரை நீ மூன்றாவது ஆளாக உட்கார்ந்துதான் போக வேண்டும்.

திருச்சி_வாசன் (நியூஜெர்சி)

ஒரே நாடு, ஒரே மனித உடம்பு. ஐம்பது மாநிலத்துக்கு ஐம்பது சட்டம். என்ன கூத்து இது?

சான்_அன்டோனியோ_மெடிக்

வரலாறு அப்படி. 1960களில் பல ஊர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டியது யார் தெரியுமா? சவ அடக்கம் செய்யும் கடைக்காரர்கள். படுக்கவைத்துக் கொண்டுபோகும் வண்டி அவர்களிடம்தான் இருந்தது. 1966ல் தேசிய அறிவியல் கழகம் ஒரு அறிக்கை வெளியிட்டு, சாலை விபத்தில் சாகிறவர்களைக் கவனிக்க நாட்டில் ஒழுங்கான ஏற்பாடே இல்லை என்று போட்டு உடைத்தது. அதே வருடம் நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம். அதனால்தான் இஎம்டி பாடத்திட்டம் இன்றுவரை போக்குவரத்துத் துறையின் கையில் இருக்கிறது. ஆனால் தொழில் லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் மாநிலங்களிடம்தான், வக்கீலுக்கும் டாக்டருக்கும் முடிவெட்டுகிறவருக்கும் எல்லோருக்கும் அப்படித்தான். வாஷிங்டன் பாடம் எழுதித் தரலாம், அட்டை தர முடியாது. ரெஜிஸ்ட்ரி இந்த இடைவெளியில் முளைத்ததுதான்.

எடிசன்_அப்பா

அப்பா எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி. இப்போது ஒரு நம் ஊர்ப் பிரச்சினை. மகளின் பாஸ்போர்ட்டில் என் பெயர் கடைசிப் பெயராக இருக்கிறது. பள்ளியில் என் பெயரின் முதலெழுத்து மட்டும். ரெஜிஸ்ட்ரி கணக்கில் பள்ளியில் இருப்பது போல் போட்டிருக்கிறாள். டிரைவிங் லைசென்ஸில் முழுப் பெயர். இது இடிக்குமா?

இரவுப்பணி_ஹூஸ்டன்

இடிக்கும். இப்போதே சரிசெய்யுங்கள். ரெஜிஸ்ட்ரி, கைரேகை, மாநில விண்ணப்பம் மூன்றிலும் அரசு அடையாள அட்டையில் இருக்கும் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் பெயர் திருத்தச் சட்டபூர்வ ஆவணம் ஒன்றை ஏற்றினால் போதும். ஆனால் டெக்சஸ் விண்ணப்பம் போன பிறகு திருத்தினால் இரண்டு பதிவும் பொருந்தாமல் நிற்கும். டெக்சஸுக்கு முன்னால் ரெஜிஸ்ட்ரி, அந்த வரிசையில்.

குவின்ஸ்_சாரதா

ஐயோ, என் கதை இதைவிட மோசம். என் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயரே கிடையாது. இங்கே வந்ததும் எல்லா இடத்திலும் முதல் பெயருக்கு 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போட்டு, என் பெயரைக் கடைசிப் பெயராக்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் என்னை "மிஸ் ஃப்னூ" என்று கூப்பிட்ட டாக்டர் உண்டு. தேர்வு மையத்தில் எந்தப் பெயரில் போவது?

சான்_அன்டோனியோ_மெடிக்

அக்கா, தேர்வு அன்று நீட்டப்போகும் அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே ரெஜிஸ்ட்ரி கணக்கைத் திறங்கள். 'எஃப்என்யூ' என்று இருந்தால் 'எஃப்என்யூ' என்றே போடுங்கள், அழகு பார்க்காதீர்கள். மையத்து வாசலில் இருப்பவருக்கு இரண்டு பெயரும் ஒன்றா என்று பார்ப்பதுதான் வேலை. பொருந்தாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள், கட்டணமும் போய்விடும். ஜார்ஜியாவில் டிரைவிங் லைசென்ஸ் மாற்றும்போது பெயரைச் சரிசெய்யும் எண்ணம் இருந்தால் தேர்வை நியூயார்க் அட்டையோடு முடித்துவிட்டுப் பிறகு செய்யுங்கள்.

மதுரை_108 (தமிழ்நாடு)

அண்ணே, அக்கா, வணக்கம். நான் 108ல இஎம்டியா இருக்கேன். நம்ம ஊர்ல வண்டி ஓட்டறவர பைலட்ங்கிறோம், பின்னாடி பேஷன்ட பாக்குறது நாங்க. பிரசவம்லாம் வண்டியிலயே பாத்திருக்கேன். எங்களுக்கு இந்த மாதிரி ஸ்டேட் மாறுறதுக்கு ஏதாச்சும் இருக்கா? அமெரிக்கா வர்றதுக்கு எங்க டிரெய்னிங்க ஏத்துக்குவாங்களா?

இரவுப்பணி_ஹூஸ்டன்

தம்பி, ஓடுகிற வண்டியில் பிரசவம் பார்த்தவன் நீ. இங்கே பத்து வருடம் ஓடியும் ஒரு பிரசவம் பார்க்காத இஎம்டிகள் இருக்கிறார்கள்.

நேராகச் சொல்கிறேன். உன் பயிற்சியை அப்படியே ரெஜிஸ்ட்ரியாக மாற்றும் வழி கிடையாது. இங்கே ஏதாவது ஒரு மாநிலம் அங்கீகரித்த வகுப்பில் உட்கார்ந்து, தேர்வு எழுதித்தான் வர முடியும். வகுப்பு 150 மணி நேரத்துக்கு மேல். உனக்குப் பாடம் பெரிய விஷயமாக இருக்காது, இங்கே வந்து தங்கி வேலை பார்க்கும் விசாதான் மலை. இஎம்டி வேலைக்கென்று விசா எடுத்துக் கூப்பிடுகிற கம்பெனியை நான் பார்த்ததில்லை. வாங்கித் தருகிறேன் என்று எவனாவது பணம் கேட்டால் கொடுக்காதே. வளைகுடாவுக்குப் போகிறவர்கள் நிறைய. துபாய் போன்ற இடங்களில் உன் படிப்பு, அனுபவச் சான்றிதழ்களை டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனம் மூலம் சரிபார்த்து, தேர்வு வைத்து எடுக்கிறார்கள்.

இந்தியாவுக்குள் மாநிலம் மாறுவது பற்றி: 2021ல் துணைநிலை மருத்துவப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்திருக்கிறது, அவசர மருத்துவப் பணியாளர்களும் அதில் உண்டு. மாநில கவுன்சில்கள் பதிவேடு வைக்க வேண்டும் என்பது சட்டம். உன் பயிற்சிச் சான்றிதழ், பணி அனுபவக் கடிதம் எல்லாவற்றையும் ஒரிஜினலாகக் கையில் வைத்திரு. பதிவு தொடங்கும்போது வேலை கொடுத்தவர் ஆபீஸில் போய் நிற்கும்படி வைத்துக்கொள்ளாதே.

மதுரை_108

ரொம்ப நன்றிண்ணே. சர்டிபிகேட்ட நாளைக்கே போய் வாங்கி வச்சிக்கிறேன். விசா ஏஜென்ட் ஒருத்தர் ஏற்கெனவே பேசிட்டுத்தான் இருக்கார்.

இரவுப்பணி_ஹூஸ்டன்

அவர் நம்பரை பிளாக் பண்ணு.

எடிசன்_அப்பா

மறுபடி மகள். கடைசிக் கேள்வி, சத்தியமா. டெக்சஸ்ல எனக்கு ஆம்புலன்ஸ் ஓட்டக் கிடைக்குமா? இங்கே ஸ்குவாடுல பின்னாடி மட்டும்தான் உக்கார விடறாங்க.

இரவுப்பணி_ஹூஸ்டன்

பல கம்பெனிகளில் இன்ஷூரன்ஸ்காரர்கள் 21 வயது கேட்பார்கள். அதுவரை பின்னால்தான். அதற்குள் அவசர வண்டி ஓட்டும் ஈவாக் பயிற்சியை முடித்து வை. ஃபெமாவின் (மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு) ஐஎஸ்-100, ஐஎஸ்-700 வகுப்புகள் இரண்டும் ஆன்லைனில் இலவசம், எந்த மாநிலத்துக்குப் போனாலும் செல்லும். வேலைக்கு எடுக்கும்போது கேட்பார்கள். அதை இந்தக் கோடையிலேயே செய்.

எடிசன்_அப்பா

அப்பா. 21 என்பது மிக நல்ல விதி. எங்கள் வீட்டு டொயோட்டாவின் பின்பக்க பம்பரைப் பார்த்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள். பெயர் திருத்த விண்ணப்பத்தை இப்போதுதான் அனுப்பினோம். ஜூலையில் டெக்சஸ் விண்ணப்பம் போட்டதும் இங்கேயே வந்து எழுதுகிறேன்.

குவின்ஸ்_சாரதா

எடிசன் அண்ணா, உங்கள் பெண்ணிடம் அந்தத் தேசியப் பாடம் 20 மணி நேரத்துக்கு எந்த ஆன்லைன் வகுப்பு எடுக்கப் போகிறாள் என்று கேட்டுச் சொல்லுங்கள். பையன் தூங்கின பிறகு நானும் தொடங்கிவிடுகிறேன்.